நாள் தள்ளிப்போன பிறகு வரும் பயம்

மருத்துவர் சீட்டில் ‘ஐந்து வாரம்’ என்று எழுதியிருப்பார். உள்ளே வளரும் கருவின் வயதோ மூன்று வாரம்தான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கர்ப்பத்தைக் கணக்கிடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கரு உருவாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. கரு உருவான நாள் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, மாதவிலக்கு வந்த நாள் நினைவில் இருக்கும் என்பதால் வந்த ஏற்பாடு இது. ஆக, சீட்டில் எழுதப்படும் ஐந்து வாரத்தில் முதல் இரண்டு வாரம் கர்ப்பமே கிடையாது.

இந்த இரண்டு வார வித்தியாசம் தெரிந்திருந்தாலே பல பெண்களின் பயம் பாதி குறையும். நாள் தள்ளிப்போகிறது, கிட்டில் இரண்டு கோடு தெரிகிறது, வீடே சந்தோஷப்படுகிறது. அன்று ராத்திரி படுத்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொன்றாக நினைவு வரும். சளிக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டோமே, தலைவலிக்கு இரண்டு மாத்திரை போட்டோமே, தைராய்டு மாத்திரையைத் தினமும் காலையில் போடுகிறோமே. மறுநாள் மாமியாரிடம் சொன்னால், “எதுக்கும் எல்லாத்தையும் நிறுத்திடும்மா, டாக்டரைப் பார்த்துக்கலாம்” என்பார். நல்லெண்ணத்தில் சொல்லும் இந்த யோசனை, சில மாத்திரைகள் விஷயத்தில் மாத்திரையைவிட ஆபத்தானது. ஏன் என்று புரிய, முதலில் கருவின் நாள்கணக்கைப் பார்க்க வேண்டும்.

கருவுற்ற முட்டை கருக்குழாய் வழியாக நகர்ந்து கருப்பைக்கு வந்துசேர நான்கைந்து நாள் ஆகிறது. ஆறேழாம் நாளில்தான் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. அதுவரை அதற்கும் தாயின் ரத்தத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அப்போது அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு செல் உருண்டை. கை எது, கண் எது என்று அங்கே எந்தச் செல்லுக்கும் இன்னும் விதிக்கப்படவில்லை. சில செல்கள் அழிந்தால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிவிடும். நிறைய அழிந்தால் கரு தங்காது. இரண்டு நாள் தாமதமாக வந்த மாதவிலக்கு என்றே அது கழிந்துவிடும். கருவான பிறகு வரும் இந்த முதல் இரண்டு வாரத்தைக் கருவியல் படித்தவர்கள் ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ என்ற கட்டம் என்பார்கள். நாள் தள்ளிப்போவதற்கு முன்பு போட்ட மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில்தான் விழுகின்றன. உடலில் வாரக்கணக்கில் தங்கிவிடும் சில மருந்துகள் மட்டும் இதற்கு விலக்கு.

அடுத்து வரும் ஆறு வாரம் அப்படியல்ல. 22-ஆம் நாள் வாக்கில், இன்னும் இதயம் என்று சொல்ல முடியாத ஒரு சிறு குழாய் துடிக்கத் தொடங்குகிறது. அதே நாட்களில் முதுகுப் பக்கத்தில் தட்டையாக இருக்கும் திசு இரண்டு ஓரத்திலும் எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து, நடுவில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்திலிருந்து தலைப் பக்கமும் கீழ்ப் பக்கமும் மூடிக்கொண்டே போய், 28-ஆம் நாளுக்குள் அது முழுக் குழாயாகிவிடும். மூளையும் தண்டுவடமும் இந்த நரம்புக்குழாயிலிருந்துதான் வருகின்றன. 26-ஆம் நாள் வாக்கில் கைகளுக்கான மொட்டு, ஓரிரு நாளில் கால்களுக்கானது. மேல் உதடு அதற்குப் பிறகு, அண்ணம் அதற்கும் பிறகு. எட்டு வாரம் முடியும்போது சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த உருவத்தில் எல்லா முக்கிய உறுப்புகளுக்கும் அடித்தளம் விழுந்திருக்கும்.

ஒரு மருந்து என்ன செய்யும் என்பது அது எந்த மருந்து, எவ்வளவு என்பதோடு, அன்றைக்கு உள்ளே எந்த உறுப்பு உருவாகிறது என்பதையும் பொறுத்தது. இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது தாலிடோமைடு.

மேற்கு ஜெர்மனியில் 1957 அக்டோபரில் ‘கான்டர்கன்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த தூக்க மருந்து அது. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் உயிர் போகாது, அவ்வளவு பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். மசக்கை வாந்திக்கும் கேட்கும் என்று கர்ப்பிணிகளுக்குப் போனது. தோளிலிருந்தே விரல்கள் முளைத்ததுபோல, கைகள் குறுகிய குழந்தைகள் பிறக்கத் தொடங்கினார்கள். ஹாம்பர்க் நகரின் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் தாய்மார்களை நேரில் சந்தித்து, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று நாள்வாரியாகக் கேட்டுக் குறித்தார். 1961 நவம்பரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளிலுமாகச் சுமார் 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

அந்த நாள்கணக்கு திகைக்க வைப்பது. கருவின் வயது சுமார் 20 நாளுக்கும் 36 நாளுக்கும் இடையில் மருந்து உள்ளே போனால் மட்டுமே இந்தப் பாதிப்பு. தொடக்க நாட்களில் போட்டிருந்தால் காது, சில நாள் கழித்து என்றால் கை, இன்னும் சில நாள் கழித்து என்றால் கால். ஒரே ஒரு மாத்திரை போதுமாக இருந்த தாய்மார்களும் உண்டு. அந்தப் பதினாறு பதினேழு நாளைத் தாண்டிய பிறகு மாதக்கணக்கில் அதே மாத்திரையைப் போட்டு, கை கால் நலமாக உள்ள குழந்தையைப் பெற்றவர்களும் உண்டு.

ஏன் இப்படி என்று தெரிய அரை நூற்றாண்டு ஆனது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் தாலிடோமைடு ‘செரிப்ளான்’ என்ற புரதத்தில் போய் ஒட்டுவதைக் கண்டார்கள். எந்தப் புரதத்தை அழிக்க வேண்டும் என்று செல்லுக்குள் அடையாளம் காட்டும் ஏற்பாட்டின் ஓர் உறுப்பு அது. தாலிடோமைடு ஒட்டியதும் அது தவறான புரதங்களைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. அப்படி அழிபவற்றில் ஒன்று, கை கால் உருவாகத் தேவையான ‘சால்4’ என்று 2018-இல் தெரிந்தது. இந்தப் புரதத்தின் மரபணு பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கும் தாலிடோமைடு குழந்தைகளைப் போலவே கைகள் அமைகின்றன. எலியின் செரிப்ளானில் உள்ள ஒரு சிறு வேறுபாட்டால் எலிக் குஞ்சுகளுக்கு இந்த ஆபத்து இல்லை. எலியில் சோதித்தோம், ஒன்றும் ஆகவில்லை என்ற சமாதானம் எவ்வளவு பலவீனமானது!

அமெரிக்காவில் இந்த மருந்தை அனுமதிக்காமல் நிறுத்தியவர் ஃப்ரான்சஸ் கெல்சி. உணவு மருந்து நிர்வாகத்தில் 1960-இல் சேர்ந்த புதிதில் அவர் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்று இது. நிறுவனம் நெருக்கிக்கொண்டே இருந்தது. அவர் கூடுதல் ஆதாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போர்க்காலத்தில் மலேரியா மருந்தான கொய்னாவைச் சினை முயல்களில் ஆராய்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. தாய் முயல் சிதைத்து வெளியேற்றும் மருந்தைக் கருமுயலால் சிதைக்க முடியவில்லை என்று அப்போதே பார்த்திருந்தார்.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவிலும் ஒருவர் எச்சரித்தார். சிட்னியின் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் எழுதிய சிறு கடிதம் 1961 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் வந்தது. அவரை உலகம் கொண்டாடியது. அவருடைய பிற்காலக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

மசக்கைக்கு அமெரிக்காவில் ‘பென்டெக்டின்’ என்று ஒரு மாத்திரை 1956 முதல் விற்றது. டாக்ஸிலமினும் வைட்டமின் பி6-உம் சேர்ந்தது. தாலிடோமைடை அமெரிக்காவுக்குக் கொண்டுவர முயன்ற அதே மெரல் நிறுவனத்தின் தயாரிப்பு. மூன்று கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் அதைச் சாப்பிட்டார்கள். எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும். அப்படியானால் மூன்று கோடியில் ஒன்பது லட்சம் பேர். அவர்களுடைய தாய்மார் அத்தனை பேரும் இந்த மாத்திரையைப் போட்டவர்கள். வேறு காரணம் தெரியாத நிலையில் சந்தேகம் அதன் மேல் விழுந்தது, மனித இயல்பு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் வந்தன. மெக்பிரைட் அவற்றில் மாத்திரைக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஆய்வுகளோ ஒன்றன்பின் ஒன்றாக, சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்றே காட்டின. வழக்குச் செலவு தாங்காமல் நிறுவனம் 1983-இல் மாத்திரையை நிறுத்தியது. அதன் பிறகு பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. தண்ணீர்கூட நிற்காத வாந்தியோடு ஆஸ்பத்திரியில் சேரும் கர்ப்பிணிகள்தான் அதிகரித்தார்கள். மெக்பிரைட், இதே வகை மருந்து ஒன்றைப் பற்றிய முயல் ஆய்வில் விவரங்களை மாற்றி எழுதியது நிரூபணமாகி, 1993-இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். மாத்திரை 2013-இல் வேறு பெயரில் அமெரிக்காவுக்குத் திரும்பியது. நம் ஊர் மருந்துக்கடைகளில் ‘டாக்ஸினேட்’ என்று மசக்கைக்குக் கொடுப்பது இதே சேர்க்கைதான்.

தாலிடோமைடு விஷயத்தில் சந்தேகப்பட்டது உயிர்களைக் காத்தது. பென்டெக்டின் விஷயத்தில் அதே சந்தேகம் முப்பது ஆண்டு லட்சக்கணக்கான பெண்களைத் தவிக்கவிட்டது. சந்தேகத்தைச் சரிபார்க்கும் வேலையை யார், எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் என் அக்கறை எல்லாம்.

அதற்கு முன் தைராய்டு மாத்திரை. கருவுக்கு என்று சொந்தத் தைராய்டு சுரப்பி வேலை செய்யத் தொடங்கவே சுமார் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை மூளை வளரத் தேவையான தைராய்டு ஹார்மோன் முழுவதும் தாயின் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். தாயின் சுரப்பி போதாமல் இருந்தால் அவர் காலையில் வெறும் வயிற்றில் போடும் லெவோதைராக்ஸின்தான் அந்த வேலையைச் செய்கிறது. கர்ப்பம் தெரிந்ததும் இந்த மாத்திரையை நிறுத்துவது, குழந்தைக்கு மிக அவசியமான வாரங்களில் அதன் பங்கைப் பறிப்பதாகும். கர்ப்பமானதும் பெரும்பாலோருக்கு அளவைச் சுமார் நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூட்ட வேண்டியிருக்கும். இரண்டு கோடு தெரிந்த வாரத்திலேயே டிஎஸ்ஹெச் பரிசோதனை கேட்பது அதனால்தான்.

வலிப்பு மாத்திரை இதைவிடச் சிக்கலானது. வால்ப்ரோயேட் உண்மையிலேயே ஆபத்தான மருந்து. அதைச் சாப்பிடும் தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. பிறகு பேச்சிலும் படிப்பிலும் பின்தங்கும் குழந்தைகள் அதைவிட அதிகம். ஆனால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து தாய், குழந்தை இரண்டு உயிருக்கும் ஆபத்தாகலாம். லாமோட்ரிஜின், லெவெடிராசிடாம் போன்றவற்றில் ஆபத்து மிகவும் குறைவு என்று இன்று தெரியும். தெரியக் காரணம், இப்படிப்பட்ட தாய்மாரைப் பதிவு செய்து, குழந்தை பிறந்து வளரும்வரை தொடர்ந்து கவனிக்கும் பதிவேடுகள். அப்படி ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் 1998 முதல் கேரள வலிப்பு கர்ப்பப் பதிவேடு நடக்கிறது.

பதிவேடு ஏன் தேவை? கர்ப்பிணிகளை வைத்துப் புது மருந்தைச் சோதிப்பது அபூர்வம். தாலிடோமைடுக்குப் பிறகு வந்த அச்சத்தில், கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்களையே ஆரம்பச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1977-இல் வழிகாட்டியது, 1993-இல்தான் மாற்றிக்கொண்டது. அதனால் பல மருந்துகளின் உறையில் கர்ப்பிணிகளைப் பற்றிச் சொல்ல விவரமே இல்லாமல், எச்சரிக்கை மட்டும் அச்சாகிறது. அந்த எச்சரிக்கை தீங்கு நிரூபணமானதற்கும் போடப்படுகிறது, யாரும் பார்க்கவே இல்லை என்பதற்கும் போடப்படுகிறது. படிக்கிற பெண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது.

விவரம் எப்படிச் சேர்கிறது என்பதற்குப் போட்ஸ்வானாவைச் சொல்வேன். அங்கே கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ‘செபாமோ’ என்ற ஆய்வில் 2014 ஆகஸ்ட் முதல், அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் செவிலியர் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார்கள். குறை தெரிந்தால், தாயின் சம்மதத்தோடு படம் எடுத்து நிபுணருக்கு அனுப்பினார்கள். 2018 மே மாதம் ஒரு கணக்கு வந்தது. டொலுடெக்ராவிர் என்ற நல்ல எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கருத்தரித்த 426 பேரில் 4 குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு. எதிர்பார்த்ததைப் போல் பல மடங்கு. பல நாடுகளில் இளம்பெண்களுக்கு அந்த மருந்து மறுக்கப்பட்டது. ஜூலையில் ருவாண்டாவின் கிகாலியில் கூடிய ஆப்பிரிக்கப் பெண்கள், விவரத்தைச் சொல்லுங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள் என்று கேட்டார்கள்.

செவிலியர் பார்ப்பதை நிறுத்தவில்லை. 2019-இல் கணக்கு 1,683-க்கு 5. அடுத்து 3,591-க்கு 7. 2022-இல் 9,460-க்கு 10, அதாவது ஆயிரத்துக்கு ஒன்றுதான்; மற்ற மருந்துகள் சாப்பிட்ட பெண்களுக்கும் அதே அளவுதான். முதலில் தெரிந்தது தற்செயல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லா அரிசியும் ஒன்றாக வேகும் பானைக்குச் சரி. ஆயிரத்தில் ஒன்றுக்கு வரும் குறையை அளக்கப் பானை பானையாகச் சோற்றைப் பார்த்தாக வேண்டும். முதல் 426 பேரோடு கணக்கை மூடியிருந்தால், உயிர் காக்கும் ஒரு மருந்து இன்றும் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரை சும்மா போடப்படுவதில்லை, நோய்க்குப் போடப்படுகிறது. குழந்தைக்கு வந்த பாதிப்பு மாத்திரையாலா, நோயாலா? முதல் வாரங்களில் வரும் கடும் காய்ச்சலே நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு தொடர்புடையது. அந்தக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டவரின் குழந்தைக்கு ஏதாவது என்றால் பழி மாத்திரைக்கே போகும். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பாராசிட்டமாலை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டுப் பேசியபோது எத்தனை கர்ப்பிணிகள் கலங்கியிருப்பார்கள்! அதற்கு ஓர் ஆண்டு முன்பே ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் விவரம் அலசப்பட்டிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தபோது மிகச் சிறிய தொடர்பு தெரிந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில், ஒரு கர்ப்பத்தில் மாத்திரை போட்டு இன்னொன்றில் போடாதவர்களை ஒப்பிட்டதும் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. குடும்பத்தின் மரபணுவும் சூழலும்தான் முதலில் மாத்திரையின் வேஷத்தில் தெரிந்திருக்கின்றன.

பயத்தின் அளவையும் ஒருமுறை அளந்திருக்கிறார்கள். தீங்கில்லாத மருந்துகளை முதல் மூன்று மாதத்தில் சாப்பிட்ட பெண்களிடம், உங்கள் குழந்தைக்குப் பெரிய குறைபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்று டொரொண்டோவில் கேட்டார்கள். 1989-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் சொன்ன சராசரி, ஏறக்குறைய நான்கில் ஒன்று. உண்மை, மற்றவர்களுக்கு உள்ள அதே நூற்றுக்கு மூன்று. நடந்ததற்கெல்லாம் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் தாய்மாரிடம் இந்த ஒரு கணக்கைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

மாத்திரை போடாததே தவறாகிப்போகும் இடமும் இந்த முதல் வாரங்களில் இருக்கிறது. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு ரத்தசோகையை ஆராய்ந்தார். அந்த ஆய்வு குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை எனப்படும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் தொடர்ந்தது. ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒன்று அந்த ரத்தசோகையைக் குணமாக்குகிறது என்று 1931-இல் எழுதினார். அதுதான் ஃபோலிக் ஆசிட். முன்பு நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு குழந்தை பெற்ற பெண்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இதைச் சாப்பிட்டால் அந்த ஆபத்து 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் நிரூபணமானது. 28-ஆம் நாளில் குழாய் மூடிவிடும். மருத்துவர் கணக்கில் அது ஆறாவது வாரம். நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். முதல் செக்கப்புக்குப் போய்ச் சீட்டு வாங்கித் தொடங்குபவர்களில் பலருக்கு அதற்குள் குழாய் மூடியிருக்கும். அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்கிறார்கள்.

மற்ற மாத்திரைகளைப் பற்றிய பேச்சும் அப்போதே தொடங்குவது நல்லது. வலிப்பு, பிரஷர், சுகர், மனச்சோர்வு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் என எது நடந்துகொண்டிருந்தாலும் அதை எழுதிய மருத்துவரிடமே, குழந்தைக்குத் திட்டமிடுகிறோம் என்று சொல்ல வேண்டும். சொல்லாமலே கர்ப்பமாகிவிட்டால், தானாக எதையும் நிறுத்தாமல் அன்றைக்கோ மறுநாளோ அவருக்குப் போன் செய்தாக வேண்டும். ஐசோட்ரெட்டினோயின் போன்ற சிலவற்றை அவர் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்வார், தைராய்டு மாத்திரையைக் கூட்டச் சொல்வார். பார்க்கப் போகும்போது காலியான மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போகலாம். கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி, முதல் மாத்திரை எந்தத் தேதி, கடைசி மாத்திரை எந்தத் தேதி என்று குறித்துக்கொண்டு போனால் அவர் முதலில் போடுவது அந்த இரண்டு வாரக் கழித்தல் கணக்கைத்தான். தேவைப்பட்டால் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில், அந்த நாட்களில் உருவான உறுப்பை மட்டும் தனியாகக் கவனித்துப் பார்க்கச் சொல்லி எழுதித் தருவார்.